மார்க் போடாத அரைத்தாள்

மூன்று மாதமாக ஒரே ஒரு அரைத்தாளுக்கு மார்க் போட முடியாமல் வைத்திருக்கிறேன். கைப்பையின் உள்ஜிப்பில், கண்ணாடி துடைக்கும் துணிக்கும் பழைய பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவே நான்காக மடிந்து கிடக்கிறது. ஆபீஸில் மார்க் ஏற்றும் தம்பி வாரம் ஒருமுறை வாசலில் வந்து நின்று, "மேம், அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் இன்டர்னல் வரல" என்கிறார். நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பிவிடுகிறேன். ஐந்து கேள்வி, ஐந்து மார்க். நான்குக்குப் போட்டாயிற்று. மிச்சம் இருக்கும் ஒற்றை மார்க்கில்தான் தகராறு.

நர்சிங் கல்லூரியில் மகப்பேறு செவிலியம் எடுக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் வேறொரு ஊரில் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எம்டிபி என்கிற மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை ஒன்றரை மணி நேரத்தில் நடத்தி முடித்துவிடலாம். வருடங்களைச் சொல்லி, வாரக் கணக்கைப் போர்டில் எழுதி, எந்தப் படிவம் எதற்கு என்று ஒப்பிக்க வைத்தால் பாடம் முடிந்தது. வழக்கமாக அடுத்த நாளே டெஸ்ட் வைப்பேன்; நேற்றுப் படித்ததை இன்று எழுதிவிடுவார்கள், எல்லாருக்கும் சந்தோஷம். இந்தத் தடவை என்ன தோன்றியதோ, பிள்ளைகள் வார்டு போஸ்டிங் முடித்துத் திரும்பும்வரை காத்திருந்தேன். வந்த வாரம், முன்கூட்டிச் சொல்லாமல் அரைத்தாள் எடுக்கச் சொன்னேன். கேள்விகள் ஒன்றும் கஷ்டமில்லை. நம் நாட்டில் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறதா? எத்தனை வாரம் வரை, எத்தனை டாக்டரின் கருத்து வேண்டும்? கல்யாணம் ஆகாத பெண்ணுக்குச் செய்யலாமா? மாத்திரையை நர்ஸ் தானாகக் கொடுக்கலாமா? கலைத்துக்கொள்ளப் போகிற பெண்ணைத் தவிர வேறு யாருடைய கையெழுத்து வேண்டும்?

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தேன். தோசைக்கல் காய்வதற்குள் முடித்துவிடலாம் என்ற நினைப்பு. அன்றைக்குத் தோசை ஒன்பதரைக்குத்தான் ஊற்றினேன்.

போர்டு நடத்திய பாடம்

முதல் கேள்வியிலேயே பாதி வகுப்பு சறுக்கியிருந்தது. சறுக்கியதைவிட, எழுதியிருந்த வார்த்தைகள்தான் என்னை யோசிக்க வைத்தன. "சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்" என்று ஒருத்தி மாதிரியே இன்னொருத்தி எழுதியிருந்தாள். காப்பி அடித்தார்களோ என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் உறைத்தது, அது ஸ்கேன் சென்டர் போர்டில் உள்ள வாசகம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படுவதில்லை, அது தண்டனைக்குரிய குற்றம் என்று எல்லா ஸ்கேன் அறை வாசலிலும் தொங்குகிறதே, அதேதான். 1994-ஆம் வருடத்துச் சட்டப்படி அந்த அறிவிப்பை வைத்தே ஆக வேண்டும். நல்ல விஷயம். ஆனால் கருக்கலைப்பைச் சட்டம் எந்தெந்தக் காரணத்துக்கு அனுமதிக்கிறது என்று யாரும் போர்டு எழுதி மாட்டுவதில்லை. எங்கள் பிள்ளைகள் போஸ்டிங்கில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கும் இடத்தில் ஒரு சட்டம் கண்ணில் படுகிறது, இன்னொன்று படவில்லை. கடைசியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இந்தக் குழப்பத்தை அறியாமை என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. உசிலம்பட்டி என்ற பேரைக் கேட்டாலே பெண் சிசுவுக்குப் புகட்டிய கள்ளிப்பால் ஞாபகம் வருகிற தலைமுறை என்னுடையது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு சேலத்தில் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. என் மாணவிகளில் ஒருத்தி தர்மபுரிப் பக்கம். "எங்க பாட்டிக்கு அஞ்சு பொண்ணு பொறந்துச்சாம் மேம், இப்ப எனக்கு ரெண்டு பெரியம்மாதான் இருக்காங்க" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அவள் அம்மாவையும் சேர்த்தால் மூன்று. மிச்சம் இரண்டு பேரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளிடம் போய், கருக்கலைப்பு வேறு, பெண் சிசுவைக் கண்டுபிடித்துக் கலைப்பது வேறு என்று சட்டப் பிரிவு எண்ணோடு விளக்கலாம். மூன்று மாதம் நிறையும் முன் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று நம்பிச் சொல்ல முடியாது, கலைப்புகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே நடந்துவிடுகின்றன என்றும் சொல்லலாம், சொல்லவும் செய்தேன். தலையாட்டினாள். அவள் தாளில் இருந்ததும் "தண்டனைக்குரிய குற்றம்"தான்.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளும் இதில் பெரிதாகத் தேறவில்லை. கேன்டீனில் ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது சிரித்தான். "மேடம், நாங்க அபார்ஷனை முதல்ல படிச்சதே ஃபாரன்சிக்லதான்" என்றான். எருக்கங்குச்சி, அரளி வேர், சித்திரமூலம், எதை எப்படி உள்ளே செருகினால் பெண் எப்படிச் சாவாள், பிணக்கூறாய்வில் என்ன தெரியும் என்பதெல்லாம் இரண்டாம் வருடத்தில் முடிந்துவிட்டதாம். சட்டம் அனுமதிக்கிற பக்கம் சமூக மருத்துவத்தில் வேறொரு வருடம் குடும்பநலத் திட்டத்தோடு சேர்ந்து வந்தது. கடைசி வருடம் மகப்பேறு மருத்துவத்தில் கையால் செய்கிற பக்கம். ஒரே விஷயத்தை மூன்று துறைகள் மூன்று வருடத்தில் பங்கு போட்டு நடத்துகின்றன. முதலில் மனசில் விழுந்தது போலீஸும் பிணவறையும். பின்னால் வந்தது எதுவும் அதை அழிக்கவில்லை என்றான். யோசித்துப் பார்த்தால் சட்டமே அந்த வரிசையில்தான் இருக்கிறது. கருவைக் கலைப்பது குற்றம் என்பதுதான் அடிப்படை; முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 88. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அந்தப் பிரிவுக்குள் வருவாள் என்று விளக்கமே எழுதியிருக்கிறார்கள். இதைச் சொன்ன அன்று வகுப்பே ஒருமாதிரி அமைதியாகிவிட்டது. 1971-இல் வந்து 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் எம்டிபி சட்டம், இன்ன நிபந்தனைப்படி செய்தால் பதிவு பெற்ற மருத்துவர் குற்றவாளி ஆக மாட்டார் என்கிறது. டாக்டருக்குக் குடை பிடிக்கிற சட்டம். அந்தக் குடைக்குள் எவ்வளவு தூரம் அந்தப் பெண்ணும் நனையாமல் நிற்கலாம் என்பதைத்தான் ஐம்பது வருடமாகத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வாரக் கணக்குக் கேள்வி எதிர்பார்த்த மாதிரியே போனது. பாதிப் பேர் பன்னிரண்டு வாரம் வரை ஒரு டாக்டர், இருபது வரை இரண்டு டாக்டர் என்று பழைய கணக்கை எழுதியிருந்தார்கள். 2021 திருத்தத்தில் அது இருபது வாரம் வரை ஒருவர், குறிப்பிட்ட வகைப் பெண்களுக்கு இருபதிலிருந்து இருபத்து நான்கு வரை இரண்டு பேர் என்று மாறிவிட்டது. கருவில் பெரிய குறை என்றால் இருபத்து நான்குக்கு மேலும் மருத்துவக் குழு முடிவு செய்யலாம். எல்லாம் நான் போர்டில் எழுதிப்போட்டதுதான். ஆனால் சீனியர் அக்காக்களின் ஜெராக்ஸ் நோட்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, ஸ்பைரல் போட்டு ஹாஸ்டலில் கைமாறிக்கொண்டே இருக்கும், அதற்கு முன்னால் நான் எம்மாத்திரம். நோட்ஸுக்குத் திருத்தச் சட்டம் கிடையாது.

கல்யாணம் ஆகாத பெண் பற்றிய கேள்விக்கு "கூடாது" என்றும் "பெற்றோர் வந்தால் செய்யலாம்" என்றும் நிறைய விடைகள். பதினெட்டு வயது நிறையாதவள் என்றால்தான் பாதுகாவலர் சம்மதம். அதைப் பிடித்துக்கொண்டு, தாலி இல்லாத எல்லாப் பெண்ணையும் சின்னப் பிள்ளையாக்கிவிட்டார்கள். மாத்திரைக் கேள்விக்கு மட்டும் கிட்டத்தட்ட எல்லாரும் சரி. நர்ஸ் தானாகக் கொடுக்க முடியாது. ஒன்பது வாரத்துக்குள், டாக்டர் எழுதித்தான் கொடுக்க வேண்டும். தன்னால் என்ன செய்யக்கூடாது என்பதை மட்டும் எந்தத் தொழிலிலும் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். 2014-இல் நர்ஸ்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு வரைவு வந்து, அப்படியே அடங்கிப்போனது. ஆனால் நடப்பது என்ன? தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களை வைத்து 2015-ஆம் வருடத்துக்குப் போட்ட ஆய்வுக் கணக்கில், நாட்டில் நடந்த 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகளில் 73 சதவீதம் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் மாத்திரையில் முடிந்தவை. நாங்கள் வகுப்பில் பேசுகிற சட்டம், படிவம், வாரம் எல்லாம் மிச்சம் இருக்கும் கொஞ்சப் பேருக்குத்தான்.

நம் வார்டில் தேவை

அப்புறம் கையெழுத்துக் கேள்வி. ஐந்தாறு பேரைத் தவிர எல்லாரும் "கணவர்" என்று எழுதியிருந்தார்கள். சிலர் இன்னும் தாராளமாக "கணவர் அல்லது மாமியார்". நான் வகுப்பில் சட்டம் சொல்லும் சம்மதப் படிவமான படிவம் சி-யையே கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னவள். அதில் இன்னாருடைய மகள் அல்லது மனைவி என்று எழுத இடம் உண்டு. வயசு வந்த பெண் என்றால் அந்த இன்னார் கையெழுத்துப் போட இடம் கிடையாது. வயசும் மனநிலையும் சரியாக இருக்கும் பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பதில் 1971-இல் இருந்தே மாற்றம் இல்லை. சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தபோதுதான் அந்தத் தாள் வந்தது. சின்னச் சின்ன எழுத்து. நான்கு விடையும் கச்சிதம். ஐந்தாவதற்கு இரண்டே வரி:

"சட்டப்படி யாரும் தேவையில்லை. நம் வார்டில் கணவர் தேவை."

பேனாவை மூடி வைத்துவிட்டேன். முதல் வரி சரி. இரண்டாவது வரியைச் சரி என்பதா தப்பு என்பதா? தப்பு என்று போட்டால் நான் பொய் சொல்கிறேன். சரி என்று போட்டால் வேறு ஏதோ செய்கிறேன். தோசைக்கல் புகைய ஆரம்பித்திருந்தது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். கடைசி பெஞ்ச், ராமநாதபுரம் பக்கத்துப் பெண், கேட்டால் மட்டும் பேசுவாள். எழுதியது தப்போ என்று பயந்துதான் வந்தாள். போஸ்டிங்கின் மூன்றாம் நாள் நடந்ததைச் சொன்னாள். ஒன்பதோ பத்தோ வாரத்தில் ஒரு பெண் வந்திருக்கிறார். டாக்டரம்மா பார்த்து எழுதிவிட்டார். வார்டு சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, வீட்டுக்காரர் எங்கே, வந்து கையெழுத்துப் போடச் சொல்லு என்றிருக்கிறார். இவள் மெதுவாக, "சிஸ்டர், அது வேண்டாம்ல?" என்று கேட்டிருக்கிறாள். சிஸ்டர் கோபப்படவில்லையாம். இவள் தோளில் கை வைத்து, "பரீட்சைக்கு அதை எழுது. இங்க இதைச் செய்" என்றாராம்.

எனக்கு அந்த வார்டு சிஸ்டர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்ன தொனி எனக்கு நன்றாகத் தெரியும். அது எங்கள் எல்லாருக்கும் சொல்லப்பட்ட தொனி. சொல்லி முடித்தவள் நிமிர்ந்து கேட்டாள்: "நீங்க வார்டுல இருந்தப்ப எப்படி மேம் பண்ணீங்க?"

"நாங்க படிவம் சி மட்டும்தாம்மா வாங்குவோம்" என்றேன்.

பொய்.

திருப்பூரில் இருக்கும் வீட்டுக்காரர்

பதினான்கு வருடத்துக்கு முன்பு, ஆவணி மாதம் என்று நினைக்கிறேன், முகூர்த்த நாள் என்பதால் ஓபியில் கூட்டம் இல்லை. ஒரு பெண் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் இன்னொன்றுமாக வந்தாள். இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். நாள் தள்ளிப்போய் எட்டு வாரம். சின்னவனுக்கு ஒரு வயசுகூட ஆகவில்லை, இன்னும் பால்குடி. எழுதிக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். நான் எங்கள் ஆஸ்பத்திரியின் பொது சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினேன். ஹெர்னியாவுக்கும் கட்டிக்கும் எம்டிபிக்கும் எல்லாவற்றுக்கும் அதே படிவம். கீழே இரண்டு கோடு. ஒன்று நோயாளி, இன்னொன்று கணவர் அல்லது பாதுகாவலர். அவள் முதல் கோட்டில் தன் பேரை எழுதினாள். எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு மேலே ஏறிவிடாமல் அழகாக எழுதினாள். இரண்டாவது கோட்டைக் காட்டி, "இதுக்கு அவர் வரணும்" என்றேன்.

"அவரு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு சிஸ்டர். தீபாவளிக்குத்தான் வருவாரு."

"அப்ப மாமியாரைக் கூட்டிட்டு வா."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். பெரியவன் மேஜை மேல் இருந்த பஞ்சுச் சுருளைப் பிய்க்கப் பார்த்தான், அவன் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போனாள். தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்கும் மேல் இருந்தது. அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. அடுத்த ஆள் வந்துவிட்டார். அவள் திரும்ப எங்களிடம் வரவில்லை. என்ன செய்தாள், எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா அந்தக் கையெழுத்தைக் கேட்டதே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கேட்டது நான். எனக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு முன் இருந்த சீனியர் சிஸ்டர். அவர் ஏன் கேட்டார் என்றால், ஒரு காலத்தில் யாரோ ஒரு வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து, என்னைக் கேட்காமல் என் பிள்ளையை எப்படிக் கலைக்கலாம் என்று வார்டு கண்ணாடியை உடைத்திருக்கிறார். நான் சேர்வதற்கு முன் நடந்தது. அந்தக் கண்ணாடியை நான் பார்த்ததில்லை, உடைத்தவரைத் தெரியாது. ஆனால் பதினோரு வருடம் அந்த மனுஷனுக்குப் பயந்து கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். சட்டம் டாக்டருக்குக் குடை பிடிக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, மேஜையில் இருக்கிற நர்ஸுக்கு அந்தக் குடையின் விளிம்புதான். சத்தம் போடுகிறவர் முதலில் எங்களிடம்தான் வந்து சத்தம் போடுவார். அதற்கு ஒரு கையெழுத்துக் கவசம். கவசம் எங்களுக்கு, விலை அவளுக்கு.

2022 செப்டம்பர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பாடத்துக்காகப் படித்தபோது இது முகத்தில் அடித்தது. எல்லாரும் அந்தத் தீர்ப்பைக் கல்யாணம் ஆகாத பெண்களுக்கானது என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மணிப்பூரைச் சேர்ந்த இருபத்தைந்து வயசுப் பெண், ஐந்து பிள்ளைகளில் மூத்தவர், டெல்லி உயர் நீதிமன்றம் முடியாது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் ஜூலையிலேயே இடைக்கால அனுமதி கொடுத்த வழக்கு. நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா. இருபதிலிருந்து இருபத்து நான்கு வாரச் சலுகையில் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரிக்கக்கூடாது என்றார்கள். கணவனே பலவந்தப்படுத்தியிருந்தாலும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு அது பாலியல் வன்முறைதான் என்றார்கள். பதினெட்டு வயசு ஆகாத பெண் வந்தால் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் அவள் பேரைச் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். இதெல்லாம் செய்தியில் வந்தது. செய்தியில் அவ்வளவாக வராத ஒரு பத்தி உண்டு. டாக்டர்கள் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை, குடும்பத்தாரின் சம்மதம், அத்தாட்சிப் பத்திரம், கோர்ட்டு உத்தரவு என்று கேட்டு இழுத்தடிக்கிறார்கள், அப்படிக் கேட்கக்கூடாது, பெண்ணின் சம்மதம்தான் முக்கியம் என்ற பத்தி. டெல்லியில் உட்கார்ந்திருக்கும் மூன்று நீதிபதிகளுக்கு என் மேஜையின் இரண்டாவது கோடு எப்படித் தெரிந்தது என்று தோன்றியது. அவர்களும் டாக்டர்களைத்தான் சொன்னார்கள். நர்ஸ் எந்தத் தீர்ப்பிலும் ஞாபகத்துக்கு வருவதில்லை, நல்லதற்கும் கெட்டதற்கும்.

டிரே

சட்டம் தெரிந்துவிட்டால் மனசு மாறிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதே வகுப்பில் ஐந்துக்கு ஐந்து வாங்கிய இன்னொரு பெண், அருமையான மாணவி, தனியாக வந்து சொன்னாள்: "எல்லாம் தெரியும் மேம். ஆனா அந்த டிரேயை என்னால எடுத்துக் கொடுக்க முடியாது." கருவை உறிஞ்சி எடுக்கும் எம்விஏ சிரிஞ்சும் கருப்பை வாயை விரிக்கும் டைலேட்டர்களும் வைத்துத் துணி மூடிய அந்த டிரே. அவள் பக்தி உள்ள வீட்டுப் பெண், ஞாயிற்றுக்கிழமை டியூட்டியை மாற்றிக் கேட்பவள். நான் அவளிடம் வாதாடவில்லை. எம்டிபி சட்டத்தில் மனசாட்சி காரணமாக விலகிக்கொள்ளலாம் என்றோ கூடாது என்றோ ஒரு வரியும் இல்லை. ரத்தப்போக்கோடு ஒருத்தி வந்து விழுந்தால் அப்போது டிரே, பக்தி என்று நிற்க முடியாது என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்கே தெரியும். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். "டிரே எடுக்க மாட்டேன்கிறது உன் மனசு, இன்னொருத்தி எடுப்பா. வாசலில் நிற்கிற பெண்ணிடம் 'இங்க அதெல்லாம் பண்றதில்லை'ன்னு சொன்னா, அது பொய்." அவள் ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

டிரே தூக்க மறுக்கிற பிள்ளையைவிட, டிரேயைத் தூக்கிக்கொண்டே, "நாலாம் நம்பர் பெட், கல்யாணம் ஆகாதது" என்று பக்கத்துப் பிள்ளையின் காதில் ஊதுகிற பிள்ளைதான் எனக்குக் கவலை. 2021 திருத்தத்தில் பெண்ணின் பேரையும் விவரத்தையும் வெளியிட்டால் ஒரு வருடம் வரை சிறை என்று 5ஏ பிரிவு வந்திருக்கிறது. இதை நடத்தியபோது ஒருத்தி, "அது டாக்டருக்குத்தானே மேம் போட்டிருக்கு, நமக்கு இல்லையே" என்றாள். எழுத்துப்படி அவள் சொன்னது சரி. எனக்குப் பதில் வர ஒரு நிமிஷம் ஆயிற்று. எங்கள் வார்டுகளில் ரகசியம் வெளியே போவது பேப்பர்காரர்கள் வழியாக இல்லை. "எத்தனாவது மாசம்மா? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஓபி வரிசை முழுக்கக் கேட்கும்படி நாங்கள் கேட்கிற கேள்வியில்தான் போகிறது. வார்த்தையிலேயே பாதி விஷமம் இருக்கிறது. தானாகக் கலைந்ததையும் டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் அபார்ஷன் என்றுதான் எழுதுவார்கள். ஐந்து வருடம் கழித்து உண்டான பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் படுத்திருந்த பெண்ணின் மாமியார் ஒருமுறை அதைப் படித்துவிட்டு, "என்னது அபார்ஷனா? என்னடி பண்ணின?" என்று அவள் பெட் பக்கத்திலேயே நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சரி, அரைத்தாளுக்கு வருகிறேன். போன வாரம் அந்த வார்டுக்குப் போனேன். பிள்ளைகளின் அட்டெண்டன்ஸ் வாங்க என்று சாக்கு. வார்டு சிஸ்டரிடம் டீ குடித்துக்கொண்டே, படிவம் சி வாங்குகிறீர்களா என்று கேட்டேன். வாங்குகிறார்கள். அதோடு சேர்த்துப் பொதுப் படிவமும். எடுத்துக் காட்டினார். அதே இரண்டு கோடு. வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, பதினான்கு வருடம், அதே எழுத்துரு என்றுகூடத் தோன்றியது. எம்டிபிக்கு இந்த இரண்டாவது கோடு வேண்டாமே சிஸ்டர், தீர்ப்பே இருக்கிறதே என்றேன். அவர் என்னை மறுத்துப் பேசவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது. "நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆபீஸில் சொல்லி மாத்திடலாம்" என்றார். சந்தோஷமாக எழுந்தேன். அவர் அலமாரியைத் திறந்து, எம்டிபிக்கென்று தனியாக ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்றைத் தூக்கி எடை பார்ப்பது போலக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது ஒரு முன்னூறு இருக்கும். தீரட்டும். அடுத்த பிரிண்டுல மாத்திக்கலாம்."

வாரத்துக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று எம்டிபி நடக்கும் வார்டு அது. பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று என்றே வைத்துக்கொண்டாலும் நூறு வாரம். கடைசி பெஞ்ச் பெண் வருகிற ஜூலையில் படிப்பை முடித்து எங்கோ ஒரு வார்டு மேஜைக்குப் போய்விடுவாள்.